எஸ்யூவி இன்ஜின் ஆயிலை வீட்டிலேயே மாத்தலாமா? எங்கெல்லாம் உஷாரா இருக்கணும்? முழு விவரம்!

'அரை மணி நேரத்தில் ஆயில் மாத்தலாம்' என்று சொல்லும் வீடியோக்களுக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை. போல்ட்டைக் கழட்டணும், பழைய ஆயிலை வடிக்கணும், ஃபில்டரை மாத்தணும், புது ஆயிலை ஊத்தணும். பார்த்தால் அவ்வளவுதான். சர்வீஸ் பில்லைப் பார்த்துச் சலித்துப்போன பலருக்கும், 'இதை நாமே செஞ்சா என்ன?' என்று தோன்றுவது இயல்பு.

செய்யலாம். இது கஷ்டமான வேலை கிடையாது. ஆனால் இதில் நாலு இடங்களில் தப்பு நடந்தால் திருத்தவே முடியாது. காரைத் தூக்கும்போது நடக்கும் தப்பு உயிரை வாங்கும். தவறான ஆயிலும், தவறான அளவும் இன்ஜினைக் காலி செய்யும். வடித்த ஆயிலை சாக்கடையில் ஊத்தினால் தெருவுக்கே கெடுதல். இந்த நாலையும் சரியாகப் பார்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஸ்பேனர் வேலைதான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், உங்கள் கார் இதற்கு ஏற்றதா?

கார் இன்னும் வாரண்டியில் இருந்தால் வீட்டில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. குறித்த கிலோமீட்டரில், அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் செய்த பதிவு இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் வாரண்டி நிபந்தனையில் எழுதியிருக்கும். நாளைக்கு இன்ஜினில் ஏதாவது கோளாறு வந்து வாரண்டி கேட்டுப் போனால், முதல் கேள்வியே 'ஆயில் எங்கே மாத்தினீங்க?' என்றுதான் வரும்.

வாரண்டி முடிந்த காராக இருந்தால் தாராளமாக முயற்சி செய்யலாம். அப்போதும் ஆயில், ஃபில்டர் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர் இரண்டையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். காரை விற்கும்போது இந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு.

இன்னொரு விஷயம், இடம். சமதளமான, கெட்டியான கான்கிரீட் தரை வேண்டும். மண் தரையும், சரிவான பார்க்கிங்கும் சரிப்படாது. அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் அசோசியேஷனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பொதுப் பார்க்கிங்கில் ஆயில் கொட்டினால் கறையும் போகாது, டூ வீலர் வழுக்கி யாராவது விழவும் வாய்ப்பு இருக்கிறது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

இதற்கு எல்லாக் காருக்கும் பொதுவான ஒரே பதில் கிடையாது. காரோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. இந்தியாவில் விற்கும் பல எஸ்யூவிகளுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கும்.

இதில் பலரும் மறப்பது 'ஒரு வருடம்' என்ற பாதியை. 'வண்டி 4,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு, இன்னும் ஆயில் புதுசாத்தான் இருக்கும்' என்று நினைப்பது தப்பு. தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தும் காரில் இன்ஜின் முழுதாகச் சூடாவதே இல்லை. எரிபொருளின் மிச்சமும் ஈரமும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். ஓட்டம் குறைந்த காருக்கும் ஆயில் கெடும்.

சிக்னலுக்கு சிக்னல் நின்று போகும் நகரப் போக்குவரத்து, புழுதி ரோடு, மலைப்பாதை, டிரெய்லர் இழுப்பது போன்றவற்றை மேனுவல்களில் 'கடுமையான பயன்பாடு' என்று தனியாகக் குறிப்பிட்டு, அதற்குக் குறைந்த கிலோமீட்டர் கணக்கு கொடுத்திருப்பார்கள். நம்ம ஊரில் ஓடும் பெரும்பாலான கார்கள் இந்தப் பட்டியலில்தான் வரும்.

எந்த ஆயில்? 'நம்ம வெயிலுக்கு கெட்டி ஆயில்' சரியா?

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்றெல்லாம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறைய குறைய, குளிர்ந்த இன்ஜினில் ஆயில் வேகமாக மேலே ஏறும். பின்னால் இருக்கும் எண், இன்ஜின் சூடான நிலையில், அதாவது 100 டிகிரி செல்சியஸில், ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது.

'இது வெளிநாட்டுக் குளிருக்கு வச்ச ஆயில். நம்ம வெயிலுக்கு கெட்டியா ஊத்தினாதான் இன்ஜின் தாங்கும்' என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டால் வெளியே வேலூர் வெயிலா, ஊட்டிக் குளிரா என்பது உள்ளே பெரிய வித்தியாசம் ஆகாது. கூலன்ட்டும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து இன்ஜின் சூட்டை கிட்டத்தட்ட ஒரே அளவில் வைத்திருக்கும். மெல்லிய ஆயிலுக்கு ஏற்ற மாதிரி இடைவெளி வைத்துச் செய்த இன்ஜினில் கெட்டி ஆயிலை ஊத்தினால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். சில மேனுவல்களில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடு கொடுத்திருப்பார்கள். அந்தப் பட்டியலுக்குள் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். அதைத் தாண்டிப் போகக் கூடாது.

கிரேடு மட்டும் பொருந்தினால் போதாது. தரக் குறியீடும் பொருந்த வேண்டும். பெட்ரோல் கார்களுக்கு ஏபிஐ எஸ்என், எஸ்பி என்று வரும். இதில் எஸ்பி 2020-ல் வந்த புதிய தரம். எஸ்என் கேட்கும் காருக்கு, அதே கிரேடில் எஸ்பி ஊத்தலாம். எஸ்பி கேட்கும் காருக்கு எஸ்என் போதாது. டர்போ பெட்ரோல் இன்ஜின் இருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். அத்தகைய இன்ஜின்களில் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனைச் சேதப்படுத்தும் பிரச்சினை உண்டு. அதைக் குறைக்கவும் சேர்த்துத்தான் எஸ்பி தரம் கொண்டுவரப்பட்டது.

டீசல் எஸ்யூவி என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதிகள் அமலுக்கு வந்த பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி வந்துவிட்டது. கரி சேர்ந்தால் அந்த வடிகட்டி அதைச் சூடாக்கி எரித்துவிடும். ஆனால் ஆயிலில் இருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. அது உள்ளேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடும். அதனால்தான் இந்தக் கார்களுக்குச் சாம்பல் குறைவாக உண்டாக்கும் ஆயிலைக் கேட்கிறார்கள். ஏசிஇஏ சி2, சி3 போன்ற குறியீடுகள் அதைத்தான் குறிக்கின்றன. பழைய டீசல் ஆயில் விலை குறைவு என்று வாங்கி ஊத்தினால், ஆயிலில் மிச்சமாகும் காசைப் போல பல மடங்கு டிபிஎஃப்-க்குச் செலவாகும்.

போலி ஆயிலில் சிக்காமல் இருப்பது எப்படி?

காலி டப்பாவில் மட்டமான ஆயிலை நிரப்பி விற்பதும் நடக்கிறது. தெரிந்த கடையில், பில் போட்டு வாங்குங்கள். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் டப்பாவில் கியூஆர் கோடு கொடுத்திருக்கும், அதை ஸ்கேன் செய்து பார்க்கலாம். எம்ஆர்பி விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

ஆயில் ஊத்தி முடித்த பிறகு காலி டப்பாவை அப்படியே பழைய பேப்பர் கடையில் போடாதீர்கள். லேபிளைக் கிழித்து, டப்பாவில் கத்தியால் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள். அந்த டப்பா மறுபடி யாருக்கும் போலி ஆயிலாகப் போகாது.

என்னென்ன தேவை?

* மேனுவலில் சொன்ன ஆயில், சொன்ன அளவு. கூடவே ஒரு லிட்டர் கையிருப்பு
* காரின் மாடலுக்குச் சரியான ஆயில் ஃபில்டர்
* டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர்
* போல்ட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட். ஓபன் ஸ்பேனர் போட்டால் போல்ட்டின் முனை மழுங்கிவிடும்
* ஃபில்டர் கழட்டும் ரெஞ்ச், முடிந்தால் ஒரு டார்க் ரெஞ்ச்
* ஆயில் மொத்தமும் பிடிக்கும் அகலமான தட்டு. பல எஸ்யூவிகளில் நாலு லிட்டர் அளவுக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய டீசல் இன்ஜின்களில் ஆறு ஏழு லிட்டர்கூட வரும்
* புனல், பனியன் வேஸ்ட், நைட்ரைல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி
* பழைய ஆயிலை எடுத்துப்போக, மூடி உள்ள காலி கேன்

கையுறை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பழைய இன்ஜின் ஆயிலில் எரிபொருள் எரிந்து உண்டான, புற்றுநோயை வரவழைக்கக்கூடிய ரசாயனங்கள் இருக்கும். ஒருமுறை கையில் பட்டால் பயப்பட வேண்டியதில்லை, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அடிக்கடி, நீண்ட நேரம் தோலில் படுவதுதான் ஆபத்து.

காரைத் தூக்கும்போது... இங்கேதான் உயிர் ஆபத்து

எஸ்யூவியின் அடியில் தரைக்கும் காருக்கும் இடையே சுமார் 180 முதல் 220 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். சில மாடல்களில் பக்கவாட்டில் இருந்து கையை நீட்டினாலே டிரெயின் போல்ட் எட்டும். அப்படி எட்டினால் காரைத் தூக்கவே வேண்டாம். அதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது.

எட்டாதவர்களுக்கு அடுத்த நல்ல வழி, ராம்ப். முன் சக்கரங்கள் இரண்டையும் ஏற்றி நிறுத்தும் சரிவுப் பலகை இது. காரின் எடைக்குத் தகுந்ததாக வாங்க வேண்டும். ஏற்றும்போது முன்னால் ஒருவர் தள்ளி நின்று வழி சொல்ல வேண்டும்.

மூன்றாவது வழி, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்துவது. இதில் ஒரே ஒரு விதிதான். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது. தலையோ, கையோ, ஒரு நிமிஷத்துக்கோ, எதற்காகவும் கூடாது. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்காகக் கொடுத்தது. ஹைட்ராலிக் ஜாக்கியாக இருந்தாலும் உள்ளே ஒரு ரப்பர் சீல் விட்டுப்போனால் கார் இறங்கிவிடும். சிறிய எஸ்யூவியே ஒரு டன்னுக்கு மேல் எடை இருக்கும், பெரிய எஸ்யூவி இரண்டு டன்னைத் தாண்டும். அது இறங்கும்போது நகர நேரம் இருக்காது.

செங்கல், ஹாலோ பிளாக், பழைய மரக்கட்டை இதையெல்லாம் முட்டுக் கொடுப்பதும் அதே அளவு ஆபத்து. ஹாலோ பிளாக் முன்னெச்சரிக்கை கொடுக்காமல் சட்டென்று நொறுங்கும்.

ஜாக்கி ஸ்டாண்டு வைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

* பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். மேனுவல் கார் என்றால் முதல் கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'-யில் நிறுத்துங்கள்.
* ஸ்டாண்டை மேனுவலில் காட்டியிருக்கும் இடத்தில் மட்டுமே வையுங்கள். இன்ஜின் அடித்தட்டில் வைத்தால் தட்டு நசுங்கும்.
* தார் ரோடு வெயிலில் இளகும். அதில் ஸ்டாண்டின் கால் புதைந்து சாயும். பேவர் பிளாக் தரையும் அமுங்கலாம். கான்கிரீட் தரைதான் சரி.
* அடியில் போகும் முன் காரைப் பக்கவாட்டில் நன்றாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள்.
* சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். ஹைபிரிட் எஸ்யூவிகளில் 'ரெடி' நிலையில் இருந்தால் இன்ஜின் தானாகவே ஸ்டார்ட் ஆகும், அதனால் முழுவதுமாக ஆஃப் ஆகிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள்.
* வீட்டில் யாரிடமாவது 'நான் காருக்கு அடியில் இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வர வேண்டாம்.

அடியில் போகவே பயமாக இருக்கிறதா? டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் குழாயை விட்டு ஆயிலை மேலேயே உறிஞ்சி எடுக்கும் பம்ப் கிடைக்கிறது. ஃபில்டரும் மேல் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் என்றால், காருக்கு அடியில் போகாமலேயே வேலை முடிந்துவிடும். அடியில் கொஞ்சம் பழைய ஆயில் தங்கலாம் என்பதுதான் இதில் ஒரு குறை.

படிப்படியாகச் செய்வது எப்படி?

1. லேசாகச் சூடாக்குங்கள். இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட விட்டு அணையுங்கள். பத்து, பதினைந்து நிமிடம் பொறுங்கள். வெதுவெதுப்பான ஆயில் நன்றாக ஓடும், அடியில் தங்கிய அழுக்கையும் இழுத்துக்கொண்டு வரும். நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்த உடனே கை வைக்கக் கூடாது. கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கிவிடும். காரைத் தூக்குவதாக இருந்தால், இன்ஜினை அணைத்த பிறகு தூக்குங்கள்.

2. மேலே ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள். காற்று உள்ளே போனால் அடியில் ஆயில் சீராக வடியும்.

3. சரியான போல்ட்டைக் கண்டுபிடியுங்கள். அனுபவம் இல்லாதவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. இன்ஜினுக்கு அடியில் ஒரு தட்டு மூடியிருந்தால் முதலில் அதைக் கழட்ட வேண்டியிருக்கும். சில கார்களில் போல்ட்டுக்கு நேராகத் தட்டில் ஓட்டை விட்டிருப்பார்கள். கியர்பாக்ஸுக்கும் தனியாக டிரெயின் போல்ட் உண்டு. ஃபோர் வீல் டிரைவ் எஸ்யூவி என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல் என்று இன்னும் சில போல்ட்டுகள் இருக்கும். இன்ஜின் ஆயில் என்று நினைத்து கியர் ஆயிலை வடித்துவிட்டு, பழைய ஆயில் வடியாத இன்ஜினில் மேலும் நாலு லிட்டர் ஊத்தினால், ஒரே நாளில் இரண்டு செலவு. மேனுவலில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கழட்டுங்கள். வடிவது உங்கள் டிப்ஸ்டிக்கில் இருந்த அதே ஆயில்தானா என்றும் நிறத்தை வைத்துப் பாருங்கள்.

4. வடிய விடுங்கள். தட்டை சரியான இடத்தில் வையுங்கள். முதலில் ஆயில் நேராகக் கீழே விழாது, சற்றுத் தள்ளிப் பீய்ச்சும். பத்து, பதினைந்து நிமிடம், சொட்டு நிற்கும் வரை விடுங்கள். ராம்பில் கார் மூக்கைத் தூக்கி நிற்கும்போது, போல்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் ஆயில் உள்ளே தங்கலாம்.

5. போல்ட்டை மாட்டுங்கள். புது வாஷர் போட்டு, முதலில் ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே திருகுங்கள். மரை சரியாக ஏறினால் சுலபமாகச் சுழலும். ஆரம்பத்திலேயே இறுகினால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம், நிறுத்திக் கழட்டி மறுபடி போடுங்கள். கடைசியில் மேனுவலில் சொன்ன டார்க் அளவுக்கு இறுக்குங்கள். 'லூசாகிடுமோ' என்ற பயத்தில் முழு பலத்தையும் போட்டு இறுக்கினால், அலுமினிய சேம்பரில் மரை அழிந்துவிடும். பிறகு சேம்பரையே மாற்ற வேண்டியிருக்கும்.

6. ஃபில்டரை மாற்றுங்கள். டப்பா போன்ற ஃபில்டர் என்றால், பழையதைக் கழட்டியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். பழைய வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ஃபில்டரைப் போட்டால் ஸ்டார்ட் செய்த உடனே ஆயில் பீய்ச்சியடிக்கும். புது ஃபில்டரின் வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையாலேயே திருகுங்கள். வளையம் இன்ஜினைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும் என்று பல ஃபில்டர்களின் மேலேயே எழுதியிருக்கும். ரெஞ்ச் கழட்டத்தான், இறுக்க அல்ல. உள்ளே காகித ஃபில்டர் மட்டும் மாற்றும் வகை என்றால், மூடியில் உள்ள ஓ-ரிங்கையும் கண்டிப்பாக மாற்றுங்கள்.

7. புது ஆயில் ஊத்துங்கள். ஃபில்டர் மாற்றினால் ஒரு அளவு, மாற்றாவிட்டால் ஒரு அளவு என்று மேனுவலில் இரண்டு எண் இருக்கலாம். ஃபில்டரோடு சேர்ந்த எண்ணைப் பாருங்கள். அதிலும் அரை லிட்டர் குறைவாகவே முதலில் ஊத்துங்கள். மூடியைப் போடுங்கள்.

8. காரைத் தரைக்கு இறக்குங்கள், பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டாம். சிவப்பு ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே ஆஃப் செய்யுங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு, போல்ட், ஃபில்டர் இரண்டு இடத்திலும் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்து, வெளியில் இருந்தபடியே பாருங்கள். பிறகு அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள்.

9. டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கார் சமதளத்தில் நிற்க வேண்டும். ஒருமுறை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே, மேல் குறிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

'கொஞ்சம் கூடினால் என்ன, நல்லதுதானே?' என்று நினைக்காதீர்கள். மேல் குறியைத் தாண்டினால், வேகமாகச் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து அதை நுரையாக்கிவிடும். நுரையில் காற்று இருப்பதால் ஆயில் அழுத்தம் குறைந்து, தேய்மானம் கூடும். கூடிவிட்டால் வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு முறை அளவையும் கசிவையும் பாருங்கள். டேஷ்போர்டில் வரும் சர்வீஸ் நினைவூட்டலை ரீசெட் செய்ய மறக்காதீர்கள்.

வடியும் ஆயிலையும் ஒருமுறை பாருங்கள்

டீசல் காரில் புது ஆயில் கொஞ்ச நாளிலேயே கறுப்பாகிவிடும். அது கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை, கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு தன் வேலையைச் செய்கிறது. ஆனால் கீழே சொல்வதில் ஏதாவது தெரிந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்:

* பால் கலந்த காபி நிறம்: ஆயிலில் கூலன்ட் அல்லது தண்ணீர் கலந்திருக்கலாம். காரை ஓட்ட வேண்டாம்.
* பளபளக்கும் உலோகத் துகள்: சில டிரெயின் போல்ட்டுகளில் காந்தம் இருக்கும். அதில் மாவு போல மெல்லிய படிவு இருந்தால் சாதாரணம். கையில் தட்டுப்படும் செதில்கள் இருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது.
* டீசல் வாடை, ஊத்தியதைவிட அதிகமாக வடிவது: பிஎஸ்6 டீசல் கார்களில் இதைக் கவனிக்க வேண்டும். டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது அடிக்கடி காரை அணைத்தால், அதற்காகச் செலுத்தப்பட்ட டீசல் ஆயிலில் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போனால், கிலோமீட்டர் கணக்குக்காகக் காத்திருக்காமல் ஆயிலை மாற்ற வேண்டும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

வேலை முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் பலரும் தப்பு செய்வது இங்கேதான். தட்டில் நாலைந்து லிட்டர் கறுப்பு ஆயில் நிற்கும். சாக்கடையில் ஊத்துவது, காலி மனையில் கொட்டுவது, குப்பையோடு சேர்த்து எரிப்பது மூன்றுமே கூடாது.

ஒரே ஒருமுறை மாற்றிய ஆயில் பத்து லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடியது என்கிறது அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. போர் தண்ணீரை நம்பி இருக்கும் தெருவில், காலி மனையில் கொட்டிய ஆயில் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவது, கரையான் வராமல் மரத்துக்குப் பூசுவது, புழுதி அடங்க வாசலில் தெளிப்பது என்று நம்ம ஊரில் பழைய ஆயிலுக்குப் பல உபயோகம் சொல்வார்கள். எதில் தடவினாலும் கடைசியில் மழையோடு மண்ணுக்குத்தான் அது போய்ச் சேரும்.

இந்தியாவில் 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் பயன்படுத்திய ஆயிலும் வருகிறது. அந்த விதிகளில் 2023-ல் செய்த திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி, ஆயிலைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கே பழைய ஆயிலை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பும் உண்டு. பழைய ஆயிலைச் சுத்திகரித்து மறுபடி ஆயிலாக்க முடியும் என்பதால் அதற்கு விலையும் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது ரொம்ப எளிது. பழைய ஆயிலைக் கேனில் ஊத்தி மூடுங்கள். அதில் தண்ணீரோ, பெட்ரோலோ, கூலன்ட்டோ, பிரேக் ஆயிலோ கலக்காதீர்கள், கலந்தால் மறுசுழற்சி கெட்டுவிடும். ஃபில்டரைத் தலைகீழாக ஒரு இரவு வைத்து வடித்து, அந்த ஆயிலையும் சேருங்கள். பழைய ஆயிலைச் சேர்த்து வைத்து, அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரிலோ, பெரிய ஒர்க்‌ஷாப்பிலோ ஒப்படையுங்கள். வாங்கிக்கொள்வார்களா என்பதை ஆயில் மாற்றுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேன் வீட்டில் இருக்கும் வரை, என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அடிக்கடி எழும் சில கேள்விகள்

ஆயிலை மட்டும் மாத்திட்டு, ஃபில்டரை அடுத்த தடவை பார்த்துக்கலாமா?
வேண்டாம். பழைய ஃபில்டருக்குள் அழுக்கு ஆயில் நிற்கும். புது ஆயில் முதல் நிமிடமே அதோடு கலந்துவிடும். ஃபில்டர் விலை, மொத்தச் செலவில் சிறிய பங்குதான்.

வேற பிராண்டு ஆயில் ஊத்தினா இன்ஜின் கெடுமா?
கிரேடும் தரக் குறியீடும் மேனுவலில் சொன்னதோடு பொருந்தினால் பிராண்டு மாறுவதால் பிரச்சினை இல்லை.

கொட்டிய ஆயிலைத் தண்ணி ஊத்திக் கழுவலாமா?
கூடாது, பரவிவிடும். மரத்தூள் அல்லது மணலைப் போட்டு ஊறவிட்டு, வாரி எடுத்துத் தனிப் பையில் கட்டி, பழைய ஆயிலோடு கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் மாத்தினா எவ்வளவு மிச்சம்?
ஆயில், ஃபில்டர் விலை எங்கே மாற்றினாலும் உண்டு. மிச்சமாவது கூலியும், பில்லில் சேரும் இதர செலவுகளும். முதல் தடவை கருவிகள் வாங்கவே அந்தக் காசு சரியாகிவிடும். இரண்டாவது, மூன்றாவது தடவையில் இருந்துதான் லாபம்.

எப்போது இதை மெக்கானிக்கிடமே விட்டுவிட வேண்டும்?
கெட்டியான தரை இல்லை, ஜாக்கி ஸ்டாண்டோ ராம்போ இல்லை, டிரெயின் போல்ட் எது என்று உறுதியாகத் தெரியவில்லை, பழைய ஆயிலைக் கொடுக்க இடம் இல்லை. இதில் ஒன்று இருந்தாலும் ஒர்க்‌ஷாப்புக்கே போய்விடுங்கள். அங்கே போனாலும், எந்த ஆயில், எத்தனை லிட்டர், என்ன குறியீடு என்று கேட்டு, டப்பாவின் சீலை உங்கள் கண்முன் உடைத்து ஊத்தச் சொல்லுங்கள். முடிந்ததும் டிப்ஸ்டிக்கை நீங்களே எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு காரை எடுங்கள்.